நாலு தாள், ஒரு கேள்வி: வெளிநாட்டில் ஒருவர் இறந்துவிட்டால்...

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து தென்காசிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு, அப்புறம் மலையிறங்கினால் புளியரை. சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வரும் கார்கள் வரிசை கட்டும் இதே வளைவுகளில்தான், விமான நிலையத்தின் சரக்குப் பிரிவிலிருந்து மரப்பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸும் வரும். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு மச்சானோ சித்தப்பாவோ உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் இருக்கும் தாள்களைச் சேர்ப்பதற்குள் அந்தக் குடும்பம் பட்டிருக்கும் பாடு, பெட்டியைப் பார்த்து அழ வருகிற யாருக்கும் தெரியாது.

2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தென்காசி. கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், செங்கோட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் துபாயிலோ ரியாத்திலோ குவைத்திலோ ஒரு ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அனுப்புகிற பணத்தைப் பற்றித் தெரு முழுக்கத் தெரியும். அங்கே ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி முன்கூட்டிப் பேசுவதையே அபசகுனம் என்று நினைக்கிறோம்.

முதல் தகவல் பெரும்பாலும் அதிகாரிகளிடமிருந்து வருவதில்லை. கூட அறையில் தங்கியிருப்பவர் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். வீட்டுப் பெண்களிடம் சொல்ல மனம் வராமல், "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க" என்று ஆண்கள் யாரிடமாவது சொல்வார். அந்த நிமிடத்திலிருந்து சொந்தக்காரர்கள் நாலு திசைக்கு ஓடுவார்கள். ஒருவர் டிராவல்ஸ் கடைக்கு. ஒருவர் எம்.எல்.ஏ. வீட்டுக்கு. ஒருவர் கலெக்டர் அலுவலகத்துக்கு. இன்னொருவர் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு.

முதலில் நிறுத்த வேண்டியது அடகுக்கடைக்குப் போகிறவரை. ஏனென்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பது கிடையாது. "செலவு யாருடையது?" என்பதுதான்.

சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டம் 40-வது பிரிவில் இதற்குப் பதில் இருக்கிறது. தொழிலாளி இறந்தால் உடலைப் பதப்படுத்தித் தயார்செய்து, அவரை வேலைக்கு எடுத்த ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. குடும்பம் சம்மதித்து அங்கேயே அடக்கம் செய்தால்தான் அனுப்பும் பொறுப்பு இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் குடும்பம் கேட்டுக்கொண்டால் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்பதே சட்டம். ஆனால் கம்பெனியே முன்வந்து இதைச் சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. கேட்க வேண்டும். வேலை ஒப்பந்த நகல் கையில் இருந்தால் குரலை உயர்த்தாமலே கேட்கலாம்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். வீட்டு டிரைவர், வீட்டு வேலை விசாவில் போனவர்களுக்கு சவூதியின் இந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது, அவர்களுக்குத் தனி விதிமுறை. 'ஃப்ரீ விசா' என்று நம் ஊரில் சொல்லி விற்கப்படும் விசாவில் போனவருக்கு, காகிதத்தில் கஃபீல் ஒருவர், வேலை கொடுத்தவர் வேறொருவர். ஆள் இறந்ததும் இரண்டு பேருமே கைவிரிப்பார்கள். விசிட் விசாவில் போய் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி முதலாளியே கிடையாது. இந்த விசாக்களை விற்கும்போது ஏஜென்ட் பேசுகிற பேச்சில் இது ஒன்று மட்டும் வராது.

அப்படி யாரும் பொறுப்பேற்காதபோது இருப்பதுதான் இந்தியச் சமூக நல நிதி. 2009-ல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு இந்தியத் தூதரகங்கள் தரும் சேவைகளுக்கு வசூலிக்கப்படும் சிறு தொகையிலிருந்து சேரும் பணம் இது. வசதியில்லாத குடும்பம் என்று தெரிந்தால், உடலை அனுப்பும் செலவையோ அங்கேயே அடக்கம் செய்யும் செலவையோ தூதரகம் இந்த நிதியிலிருந்து கொடுக்கலாம். தானாக வராது. குடும்பம் எழுதிக் கேட்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாராகப் பதிந்தால் அதற்கு ஒரு எண் கிடைக்கும். அடுத்த நாள் தூதரகத்துக்குப் போன் செய்பவர் அந்த எண்ணைச் சொல்லிப் பேசுவதற்கும், "சார், நேத்து ஒரு தம்பி பேசினாரே" என்று ஆரம்பிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கலெக்டரிடம் மனுக் கொடுப்பதும் வீண் வேலை இல்லை. அந்த மனு சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்குப் போய், அங்கிருந்து தூதரகத்துக்குப் போகும். ஆணையரகத்தின் கட்டணமில்லா எண் 1800 309 3793. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் வரும்வரை காத்திருக்காமல் இந்த எண்ணில் அன்றைக்கே பேசிவிடலாம்.

சரி, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் தாள்கள் என்னென்ன? முக்கியமானவை நாலு. அந்த நாட்டு அரசு தரும் இறப்புச் சான்றிதழ். உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்றிதழ், அதாவது எம்பாமிங் சான்றிதழ். இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று. ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல். இந்த நாலும் இருந்தால்தான் இந்திய விமான நிலையத்தில் இருக்கும் சுகாதார அதிகாரி பெட்டியை வெளியே விடுவார். 1954-ம் ஆண்டு விமானப் பொதுச் சுகாதார விதிகள் காலத்திலிருந்து அந்த அனுமதி அவர் கையில்தான் இருக்கிறது. சில நாட்டுத் தூதரகங்களின் விதிப் பட்டியலில் செல்ல நாய், வேட்டைத் துப்பாக்கி, மனித உடல் மூன்றும் அடுத்தடுத்த தலைப்புகளாக இருக்கும். படிக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் எல்லையைக் கடக்கும்போது இவை எல்லாமே, யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டிய பொருள்கள்தான். விமான நிறுவனக் கணக்கில் உடல் ஒரு சரக்கு. டிக்கெட் கிடையாது, சரக்கு ரசீதுதான்.

இந்த நாலு தாளுக்குப் பெரியவர், சிறியவர் வித்தியாசம் கிடையாது. 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் நடிகை ஸ்ரீதேவி இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சிவகாசி பக்கம் மீனம்பட்டியில் பிறந்தவர். மும்பையில் கூட்டம் காத்துக் கிடந்தது, தனி விமானம் தயாராக இருந்தது, தொலைக்காட்சிகள் நிமிடத்துக்கு நிமிடம் பேசின. ஆனாலும் போலீஸ் விசாரணை முடிந்து, அரசு வழக்குத் துறை அனுமதி கொடுத்து, முஹைஸ்னாவில் இருக்கும் மையத்தில் உடல் பதப்படுத்தப்பட்டு, மும்பைக்கு வந்து சேர 27-ம் தேதி இரவாகிவிட்டது. மூன்று நாள். அவருடைய எம்பாமிங் சான்றிதழில் பெறுபவர் என்று இருந்த பெயர் அஷ்ரஃப் தாமரசேரி. கேரளத்திலிருந்து போய் அஜ்மானில் இருப்பவர். அமீரகத்தில் இறக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் உடல்களை ஊருக்கு அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகக் காசு வாங்காமல் செய்பவர், 2015-ல் பிரவாசி பாரதிய சம்மான் விருது பெற்றவர். கூலித் தொழிலாளிகளின் தாள்களோடு ஆண்டுக்கணக்காக நின்ற அதே வரிசையில்தான் ஒரு சூப்பர் ஸ்டாரின் தாள்களோடும் அவர் நின்றார்.

மூன்று நாளில் முடிந்தது நட்சத்திரம் என்பதாலா? ஓரளவுக்கு. ஆனால் இயற்கை மரணம், முதலாளி ஒத்துழைப்பு, பெயரில் குழப்பம் இல்லை என்றால் சாதாரணத் தொழிலாளியின் உடலும் சில நாளில் வந்துவிடுகிறது. விபத்து, தற்கொலை, கொலைச் சந்தேகம் என்றால்தான் போலீஸ் அறிக்கைக்காகவும் பரிசோதனைக்காகவும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகிறது. இகாமா காலாவதியானவர், முதலாளியை விட்டு ஓடிப்போனதாகப் புகார் பதிவானவர் என்றால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அடையாளம் தெரியாத அளவுக்கு எரிந்தவர்களுக்கு டி.என்.ஏ. சோதனை வேண்டியிருந்தது. ஆனாலும் 14-ம் தேதி காலையிலேயே விமானப்படையின் சி-130ஜே விமானம் கொச்சியில் இறங்கிவிட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 7 பேரின் உடல்கள் அங்கிருந்து ஊர் ஊராகப் பிரிந்து போயின. அரசாங்கம் நினைத்தால் இரண்டே நாளில் முடிகிற காரியம்தான் இது என்று அன்றைக்குத் தெரிந்தது. தனியாக ஒருவர் அறையில் தூக்கத்தில் இறந்துபோனால் விமானப்படை வராது. அவருக்காகத் தள்ள வேண்டியவர்கள் வீட்டார்தான்.

பெயரில் குழப்பம் என்று சொன்னோமே, அது தமிழர்களுக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் போயிருக்கும், ஆதாரில் இனிஷியலாக முன்னால் நிற்கும், ரேஷன் கார்டில் அந்த இனிஷியலும் இருக்காது. அங்கே அரபியில் எழுதி, அதிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது சுடலைமுத்து வேறு யாரோ ஆகிவிடுவார். இறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று, அந்தத் தாளின் படம் போனில் வந்தவுடன் பார்த்துவிட வேண்டும். அங்கே இருக்கும்போது திருத்துவது சுலபம். பெட்டி ஊர் வந்த பிறகு அந்தத் தாளைத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது கையெழுத்து. சவூதியில் மரணம் என்றால், உடலை ஊருக்கு அனுப்பவோ அங்கேயே அடக்கம் செய்யவோ சட்டப்படியான வாரிசின் சம்மதக் கடிதத்தைத் தூதரகம் கேட்கும். மனைவி இருந்தால் மனைவி, இல்லையென்றால் பெற்றோர். முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீலிடம் சான்று வாங்கி, யாருக்கு அதிகாரம் கொடுக்கிறோம் என்று பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு அனுப்ப வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும். 'உடலைப் பெற்று அனுப்ப' என்பது ஒரு அதிகாரம். 'சம்பள பாக்கி, பணிக்கொடை, இழப்பீடு அனைத்தையும் பெற்றுக்கொள்ள' என்பது வேறு அதிகாரம். இரண்டும் ஒரே தாளில் ஒரே ஆள் பெயருக்குப் போனால், உடல் வந்து சேரும்; மற்றது வருமா என்பது அந்த ஆளின் மனசாட்சியைப் பொறுத்தது. பணத்தை வசூலிக்கும் அதிகாரத்தைத் தூதரகத்தின் பெயருக்கே கொடுக்கவும் வழி இருக்கிறது. மெதுவாக நடக்கும், ஆனால் கணக்கு இருக்கும்.

பாக்கியைத் தீர்த்தால்தான் உடலை வாங்குவோம் என்று சில குடும்பங்கள் பிடிவாதம் பிடிப்பதும் உண்டு. அந்தக் கோபம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் பிணவறையில் உடல் கிடப்பதால் கம்பெனிக்கு எந்த நெருக்கடியும் இல்லை. உடல் வந்த பிறகும் பாக்கிக்கான கோரிக்கை உயிரோடுதான் இருக்கும். எதுவும் பாக்கியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடாமல் இருந்தால் போதும். அமீரகத்தில் இன்னொருவரின் தவறால் நேர்ந்த விபத்து மரணத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் ரத்தப்பணம் 2 லட்சம் திர்ஹம். உடல் அடக்கமாகி மாதங்கள் கழித்தும் அதற்கு வழக்கு நடத்தலாம்.

இன்னொரு பணமும் மறந்துபோகிறது. 10-ம் வகுப்புத் தேறாமல், குடியேற்ற அனுமதி பெற்று முறையாகப் போன தொழிலாளிக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், மேலே வரி. விபத்தில் இறந்தால் 10 லட்சம். ஏஜென்ட் கொடுத்த காகிதக் கட்டுக்குள் அந்த பாலிசி எங்கோ கிடக்கும், வீட்டுக்குத் தெரியாது. ஆனால் விபத்து என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாரடைப்புக்கு இந்த 10 லட்சம் கிடையாது. அதற்காகத் தனியாக ஆயுள் காப்பீடு எடுத்துவிட்டுப் போனவர்கள் கெட்டிக்காரர்கள்.

விமானக் கட்டணத்தில் ஒரு கதை உண்டு. அமீரகத்திலிருந்து இந்தியாவுக்கு வரும் உடல்களை ஏர் இந்தியா ரொம்பக் காலம் தராசில் வைத்துக் கிலோ கணக்கில் காசு வாங்கியது. பெட்டியோடு சேர்த்து எடை. இறந்தவரை எடை போடுவதா என்று அங்குள்ள இந்தியர்கள் வருஷக்கணக்காகக் கொதித்தார்கள். கடைசியில் 2019 ஜனவரியில்தான் தராசு போனது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1,500 திர்ஹம், சிறுவர்களுக்கு 750 என்று அப்போது ஒரே கட்டணம் வைத்தார்கள்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் சறுக்கியதும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, அமீரகத்தில் இறந்த மூன்று இந்தியர்களின் உடல்கள் டெல்லி வரை வந்து, இறக்க அனுமதி இல்லை என்று சொல்லப்பட்டு, அதே விமானத்தில் அபுதாபிக்கே திரும்பிப் போயின. வெளியே குடும்பத்தார் காத்திருந்தார்கள். உள்துறை அமைச்சகம் விளக்க உத்தரவு போட்ட பிறகே அந்த உடல்கள் மறுபடி வந்தன. மேலே ஒரு உத்தரவு தெளிவில்லாமல் இருந்ததற்கு, கீழே ஒரு தகப்பன் விமான நிலைய வாசலில் நின்று விலை கொடுத்தார். 2023 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் 'இ-கேர்' என்ற இணையதளத்தைக் கொண்டுவந்தது. இப்போது நாலு தாளையும் அதில் முன்கூட்டியே ஏற்றி, விமானம் கிளம்புவதற்குள் அனுமதி வாங்கிவிடலாம். பெரும்பாலும் உடலை அனுப்பும் ஏஜென்சியே இதைச் செய்துவிடும். செய்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லோரும் உடலைக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களில், மையத்தைச் சீக்கிரம் அடக்கிவிட வேண்டும் என்பதால் அங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. மக்காவிலோ மதீனாவிலோ மண் கிடைத்தால் அது பெரும் பேறு என்று நினைப்பவர்களும் உண்டு. "வாப்பா முகத்தை ஒருவாட்டி பார்க்கணும்" என்று பிள்ளைகள் அழும்போது அந்த முடிவும் சுலபமாக இருப்பதில்லை. இந்துக்களுக்கு சவூதியில் தகனம் செய்ய வழியே கிடையாது. துபாயில் ஜெபல் அலியில் தகனக்கூடம் இருக்கிறது. அங்கே தகனம் செய்து அஸ்தியை மட்டும் கொண்டுவந்தால் செலவும் அலைச்சலும் குறைவு. ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் அருவிக்கரையோரம் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில், அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் போன் திரையில் மட்டுமே பார்த்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

விமான நிலையம் எது என்பதையும் வீட்டார் சொல்லலாம். தென்காசிக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். மதுரை ராஜபாளையம் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர், ஆனால் மாநில எல்லை கிடையாது. எங்கே அனுப்பினாலும் சரக்கு ரசீது எண்ணை விமானம் கிளம்பியதுமே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரசீதில் பெறுபவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரே, ஆதாரின் அசலோடு, சரக்குப் பிரிவுக்குப் போக வேண்டும். பயணிகள் வாசலில் போய் நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வேறொருவர்தான் போக முடியும் என்றால் பெறுபவரிடம் அதிகாரக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பெட்டிக்குள் துத்தநாகத் தகடு அடித்திருக்கும். தகனம் என்றால் உடலைப் பெட்டியிலிருந்து எடுத்துத்தான் செய்ய வேண்டும். தகடு வெட்டத் தெரிந்த ஒருவரை முன்னமே சொல்லி வைக்காமல், வாசலில் ஊரே நிற்கும்போது கத்தரிக்கோலுக்கும் உளிக்கும் அலைவதைப் பார்ப்பது கொடுமை. தொற்றுநோயால் இறந்தவர் என்று தாளில் இருந்தால் பெட்டியைத் திறக்கவே கூடாது.

காரியம் முடிந்த பிறகும் அந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தென்காசி நகராட்சியிலோ ஊராட்சியிலோ போய்க் கேட்டால் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது, மரணம் நடந்தது அவர்கள் எல்லைக்குள் இல்லை. வங்கிக் கணக்கு, காப்பீடு, வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு இறப்புச் சான்றிதழும், அதன் மொழிபெயர்ப்பும், மரணத்தைத் தூதரகம் பதிந்துகொண்டதற்கான சான்றும்தான் வேலை செய்யும். அரபியில் ஒரே ஒரு தாளோடு வந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு நகலுக்காக அங்கே யாரையாவது கெஞ்சுவதைவிட, அங்கிருக்கும் நண்பரிடம் அப்போதே நாலைந்து சான்றிட்ட நகல்கள் வாங்கி அனுப்பச் சொல்லிவிடலாம். ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டும் அதோடு இருக்கட்டும். அவர் எந்தத் தேதியில் எந்த விசாவில் போனார், எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று நாளைக்குப் பணிக்கொடை கணக்குப் போடும்போது கம்பெனி மறந்துபோனாலும், அதில் முத்திரை இருக்கும்.